கங்காணியின் குற்றம் எது? மலைத்தோட்ட நூல்கள் சிலவற்றை முன்வைத்து

கேள்வி

இலங்கையின் மலையகத்தையும் ஆனைமலையையும் பற்றிய நூல்களை வகை பாராமல் அடுத்தடுத்து வாசித்தால் ஒரு மனிதன் எல்லாவற்றிலும் எதிர்ப்படுகிறான். புதுமைப்பித்தன் 1930களில் எழுதிய ‘துன்பக்கேணி’ என்னும் நெடுங்கதை, கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ (1964), பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி இரா. முருகவேள் தமிழாக்கிய ‘எரியும் பனிக்காடு’, சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’, மு. நித்தியானந்தனின் ‘கூலித்தமிழ்’ (2014), டொனோவன் மோல்ட்ரிச்சின் ‘பிட்டர் பெர்ரி பாண்டேஜ்’ (1989), பேட்ரிக் பீபிள்ஸின் ‘தி பிளாண்டேஷன் தமிழ்ஸ் ஆஃப் சிலோன்’ (2001) ஆகியவை ஒரே தட்டில் வைக்கக்கூடியவை அல்ல. கதை, நாவல், பாடல் தொகுப்பு, இலக்கிய ஆய்வு, வரலாறு என்று அவை ஐந்து வகைப்படும். ஆனாலும் ஊரில் ஆள் சேர்ப்பவனாக, வழித்துணையாக, கடன் கொடுப்பவனாக, காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் கணக்குக் காட்டுபவனாகக் கங்காணி இவற்றில் திரும்பத் திரும்ப வருகிறான். ஆனைமலைப் பக்கத்தில் அவன் பெயர் மேஸ்திரி.

இந்த நூல்களைப் பற்றிய ஒரு வாசகனின் அபிப்பிராயங்களைத் தனித்தனி மதிப்புரைகளாக எழுதிவிடலாம். ஆனால் ஒரே கேள்வியை எல்லா நூல்களிடமும் கேட்கும்போது ஒவ்வொன்றின் பலமும் ஓட்டையும் தெளிவாகத் தெரிகின்றன. கங்காணியின் குற்றம் எது என்பதே அந்தக் கேள்வி. அவன் கெட்ட மனிதன் என்பதா? அல்லது அவன் நின்ற இடமே அந்தக் கெடுதலைச் செய்யவைத்ததா? புனைவு நூல்கள் பெரும்பாலும் முதல் விடையைத் தருகின்றன. வரலாற்று நூல்கள் இரண்டாவதைத் தருகின்றன. முதல் விடை போதாது என்பதும், இரண்டாவது விடையிலும் முக்கியமான ஒரு பகுதி விடுபட்டிருக்கிறது என்பதும், அந்தப் பகுதியைப் புனைவுதான் தருகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கெட்டவன் என்னும் எளிய விடை

‘எரியும் பனிக்காடு’ இன்றைய தமிழ் வாசகரிடையே இந்த நூல்களில் அதிகம் அறியப்பட்டது. 2013இல் அதைத் தழுவி வந்த ‘பரதேசி’ திரைப்படம் அதற்கு ஒரு காரணம். டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றியவர். 1969இல் ‘ரெட் டீ’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் வெளியான நாவல் 1920களின் வால்பாறைத் தோட்டத்தைக் களமாகக் கொண்டது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் பேச்சை நம்பி, முன்பணம் வாங்கிக்கொண்டு மலையேறுகிறார்கள். கடனை அடைத்துக் கையில் காசோடு ஊர் திரும்பலாம் என்ற எண்ணம் கணக்குத் தீர்க்கும் நாளில் உடைகிறது. குளிரையும் மலேரியாவையும் அட்டைக்கடியையும் டேனியல் எழுதும் பக்கங்கள் மருத்துவரின் கண்ணால் பார்க்கப்பட்டவை. நோய் அங்கே சோகத்துக்கான அலங்காரமாக வருவதில்லை. உடம்பு வேலைக்கு உதவாமல் போகும் ஒவ்வொரு நாளும் கடன் எப்படி வளர்கிறது என்பதை நாவல் தெளிவாகவே காட்டுகிறது. அதன் தலையாய பலம் அதுதான்.

ஆனால் அந்தக் கடன் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நாவலின் விடை சுருங்கிவிடுகிறது. மேஸ்திரி ஏமாற்றினான், பேராசைக்காரன், இரக்கமற்றவன் என்பதற்கு அப்பால் அது அதிகம் செல்வதில்லை. ‘தூரத்துப் பச்சை’யிலும் இதே சாய்வு உண்டு. தோட்டத்துப் பெண்ணின் வாழ்வை உள்ளிருந்து எழுதிய நாவல் என்ற வகையில் அதன் இடம் தனியானது. தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்து அறையின் நெருக்கடி, பெண்ணின் உடல்மேல் பலருக்கும் இருந்த உரிமைக் கோரல், பிள்ளை வளர்ப்பு ஆகியவற்றை ஆண் எழுத்தாளர்களின் கதைகளில் இந்த அளவுக்குப் பார்க்க முடியாது. ஆயினும் துன்பத்தின் காரணத்தைத் தேடும் இடங்களில் தனிமனிதரின் குணமே முன்னுக்கு வருகிறது. நல்ல கங்காணி ஒருவன் வந்திருந்தால் இந்த மனிதர்கள் தப்பித்திருப்பார்கள் என்ற உணர்வோடு வாசகர் நூலை மூடிவைக்கக்கூடும். இதை வாசகரின் குறையாகக் கருத முடியாது. கதை தன் காரண காரியத்தை அப்படித்தான் அமைத்திருக்கிறது.

இந்த எளிய விடையில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. கங்காணியின் பேராசைதான் தொழிலாளரின் கடனுக்குக் காரணம் என்பது தோட்டத் துரைமாரும் நெடுங்காலம் சொல்லிவந்த வாதம். தங்கள் கைகள் சுத்தமானவை, இடையில் நிற்கும் தமிழனே தமிழனைச் சுரண்டுகிறான் என்பது அவர்களுக்கு வசதியான விளக்கமாக இருந்தது. தொழிலாளர்மேல் ஆழ்ந்த பரிவோடு எழுதப்பட்ட நாவல்களும் துரைமாரின் தன்விளக்கமும் காரணத்தைச் சொல்லும் இடத்தில் ஒன்றுபோல் ஒலிக்கின்றன. இது என்னைத் தொந்தரவு செய்கிறது.

துண்டு என்னும் காகிதம்

இதற்கு மாற்றாக வரலாற்று நூல்கள் கடனின் இயந்திரத்தைப் பிரித்துக் காட்டுகின்றன. மோல்ட்ரிச் காப்பிக் காலத் தொழிலாளரைப் பற்றி எழுதுகிறார். மன்னார்ப் பக்கத்தில் கரையேறி மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்தவர்கள் பசியாலும் வாந்திபேதியாலும் மடிந்த கதை அது. பீபிள்ஸின் அக்கறை வேறு. பருவத்துக்கு வந்து பருவத்துக்குத் திரும்பிப்போன கூலிகள் என்ற பழைய சித்திரத்தை அவர் கேள்விக்கு உட்படுத்துகிறார். பொதுவாக நம்பப்படுவதற்கு முன்னதாகவே மக்கள் குடும்பங்களாக அங்கே வேரூன்றினார்கள் என்பது அவர் தரப்பு. வாசிக்கச் சுவையான நடை என்று அதைச் சொல்ல மாட்டேன். ஆனால் 1948இல் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியதை விளங்கிக்கொள்ள அந்த வாதம் இன்றியமையாதது. நேற்று வந்தவர்கள் என்று சொல்லித்தான் அவர்களை விலக்கினார்கள்.

கங்காணி முறையின் பொருளாதாரம் இத்தகைய வரலாறுகளிலிருந்து தெளிவாகிறது. தோட்டத்துக்கு ஆள் வேண்டும். துரை முன்பணத்தைக் கங்காணியிடம் கொடுத்து இந்தியக் கரைக்கு அனுப்புகிறான். கங்காணி தன் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆள் சேர்க்கிறான். பழைய கடனை அடைக்கக் கொடுத்த பணம், வழிச்சோறு, பயணச் செலவு, துணி, கம்பளி எல்லாம் தொழிலாளியின் பெயரில் பற்றாக ஏறுகின்றன. துரையிடம் கங்காணி கடனாளி, கங்காணியிடம் தொழிலாளி கடனாளி. வழியில் ஒருவன் இறந்தாலோ ஓடிப்போனாலோ நட்டம் முதலில் கங்காணியின் தலையில் விழும். அவன் அதை மிஞ்சியிருப்பவர்கள்மேல் பரப்புவான். ஆள் சேர்ப்பதிலும் காப்பதிலும் உள்ள ஆபத்து முழுவதையும் முதலாளி கீழே தள்ளிவிடும் ஏற்பாடு இது.

இந்த ஏற்பாட்டின் மையத்தில் ஒரு சின்னக் காகிதம் இருந்தது. தோட்டத்தில் அதைத் துண்டு என்பார்கள். துரை கையெழுத்திட்டுக் கங்காணியிடம் கொடுக்கும் சீட்டு அது. இன்ன கங்காணியின்கீழ் இத்தனை ஆட்கள், அவர்கள்மேல் இவ்வளவு கடன், இந்தத் தொகை கட்டப்பட்டால் அவர்களை விடுவிக்கச் சம்மதம் என்பதே அதன் சாரம். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கங்காணி பக்கத்துத் தோட்டங்களில் விலை பேசலாம். ஆள் பற்றாக்குறையால் தவிக்கும் வேறொரு துரை பழைய கடனைக் கட்டி, அதற்கு மேலும் ஒரு தொகை கொடுத்து மொத்தக் கூட்டத்தையும் எடுத்துக்கொள்வான். மேலதிகத் தொகை கங்காணியின் கைக்குப் போகும். புதிய தோட்டத்தின் புத்தகத்தில் அது தொழிலாளரின் கடனாக ஏறும். ஆகவே, ஒரு குடும்பம் காசு எதையும் கண்ணால் காணாமலே, தோட்டம் மாறும்போதெல்லாம் முன்னிலும் பெரிய கடனாளியானது. 1921இல்தான் சட்டம் துண்டு முறையைத் தடுத்தது. கடன் இப்படி ஏறிக்கொண்டே போனது துரைமாருக்கே கட்டுப்படியாகாமல் போனதும் அந்தத் தடைக்கு ஒரு காரணம்.

சட்டத்தின் பங்கையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். ஃபிஜிக்கும் மொரீசியஸுக்கும் போனவர்களைப் போல இலங்கைக்குப் போனவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்டவர்கள் இல்லை. அதனால் அதிகாரிகள் அவர்களைச் சுதந்திரத் தொழிலாளர் என்று எழுதினார்கள். ஆனால் இலங்கையின் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் வேலையை விட்டு ஓடுவதைக் குற்றமாக்கியது. இந்தியாவில் 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம் முன்பணம் வாங்கிவிட்டு வேலை செய்யாத தொழிலாளியைத் தண்டிக்க வழி செய்தது. ஆனைமலை மேஸ்திரியின் மிரட்டலுக்குப் பின்னால் இந்த இந்தியச் சட்டத்தின் காலம் இருக்கிறது. கருப்பன் ஏன் ஓடிப்போகவில்லை என்று ‘எரியும் பனிக்காடு’ வாசகர் கேட்கக்கூடும். மேஸ்திரியின் தடியைக் காட்டிலும் இந்தச் சட்ட வரலாறு அதற்குத் தெளிவான விடை தரும்.

பேர் போடும் பேனா

அமைப்பு என்ற சொல்லை ஆய்வாளர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது அன்றாடத்தில் எப்படி வேலை செய்தது என்பதைப் பார்க்காவிட்டால் அதுவும் வெறும் வசைச்சொல்லாகிவிடும். விடியுமுன் தப்பொலி கேட்டு ஆட்கள் பெரட்டுக் களத்தில் கூடுகிறார்கள். ஆள் எண்ணப்படுகிறது, மலை பிரிக்கப்படுகிறது. மாலையில் கொழுந்து நிறுக்கப்படுகிறது. கூடையின் எடை என்றும் இலையின் ஈரம் என்றும் கழிவு போகிறது. குறித்த நிறைக்குக் கொழுந்து வராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதி நாள் கூலி. கணக்கப்பிள்ளை வருகைப் பதிவேடான செக்ரோலில் பேர் போடுகிறார்.

அந்தப் பேனாவின் ஒரே கோட்டில் தொழிலாளியின் கூலியும் கங்காணியின் வருமானமும் சேர்ந்தே தீர்மானமாகின்றன. தன் ஆள் ஒருவர் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குச் சில சதம் தலைக்காசு உண்டு. ஆள் படுத்துவிட்டால் அந்தக் காசு இல்லை. காய்ச்சலில் கிடப்பவளைக் கங்காணி லயத்து வாசலில் நின்று விரட்டி எழுப்புவது பல புனைவுகளில் வரும் காட்சி. புனைவு அதைக் கொடுமையாகக் காட்டுகிறது, அது கொடுமைதான். ஆனால் அந்தக் கொடுமைக்கு ஒரு கூலி விகிதம் நிர்ணயிக்கப்பட்டிருந்தது. நோயாளியை எழுப்பாமல் விடும் கங்காணி அன்றைய வருமானத்தை இழந்தான், அவளுடைய கடன் திரும்பிவரும் நாளும் தள்ளிப்போனது. இரக்கம் காட்டினால் நட்டம் என்றொரு கணக்கைப் போட்டு வைத்தது யார் என்பதை நாவல்கள் போதுமான அளவு கேட்கவில்லை.

மறுபுறம், இந்தப் பதிவேடுகளைச் சார்ந்து எழுதப்படும் வரலாற்றுக்கும் ஒரு குறை உண்டு. செக்ரோலில் அரைப்பேர் என்று பதிவானால் அது அரைப்பேர்தான். நிறுவையில் எவ்வளவு திருடப்பட்டது என்பதை அது சொல்லாது. துரையின் கடிதமும் ஆணையத்தின் அறிக்கையும் கங்காணியைப் பற்றி நிறைய எழுதும், கொழுந்து பறித்த பெண் என்ன நினைத்தாள் என்பதை எழுதாது. இந்த வகையில் நித்தியானந்தனின் ‘கூலித்தமிழ்’ ஒரு முக்கியமான வேலையைச் செய்கிறது. 1869இல் யாழ்ப்பாணத்தில் அச்சான ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’, துரைமார் தோட்டத்துத் தமிழ் கற்றுக்கொள்ள எழுதப்பட்ட கையேடுகள் போன்ற, இலக்கிய வரலாறு பொருட்படுத்தாத அச்சுப் பொருள்களை அவர் எடுத்து ஆராய்கிறார். கும்மி தொழிலாளரின் மெட்டில் துரையின் பார்வையைப் பாடுகிறது. கையேடுகளோ ஏவலையும் அதட்டலையும் பாடமாகச் சொல்லிக்கொடுக்கின்றன. யாருக்காக எழுதப்பட்டது என்ற கேள்வியை ஒவ்வொரு நூலின் நெற்றியிலும் ஒட்டிவைக்கும் அவருடைய முறையை நாவல்களுக்கும் பாடல்களுக்கும் நாம் நீட்டிக்க வேண்டும். அண்மையில் வாசித்தவற்றில் என் வாசிப்பையே மாற்றிய நூல் இதுதான் என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

ஊரில் தொடங்கும் தோட்டம்

கடன் இயந்திரத்தை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டும் வரலாறுகள், அந்த இயந்திரம் ஏன் கங்காணியின் கையில் மட்டும் ஓடியது என்பதற்குப் போதிய விடை தருவதில்லை. முன்பணம் கொடுக்க யாராலும் முடியும். கொடுத்த பணத்தை எழுத்துப் பத்திரமும் இல்லாமல் கடல் கடந்தும் வசூலிக்க எல்லாராலும் முடியாது. பெரிய கங்காணிகளில் பலர் தங்கள் ஆட்களைக் காட்டிலும் சாதி அடுக்கில் மேலே இருந்தவர்கள். தோட்டத்துக்குப் போனவர்களில் பள்ளர், பறையர், சக்கிலியர் பெருந்தொகையினர். ஊரில் நிலமும் சாதியும் கொடுத்திருந்த அதிகாரத்தைக் கங்காணி மலைக்குச் சுமந்துபோனான். துரை வாடகைக்கு எடுத்தது கங்காணியின் உழைப்பை மட்டுமன்று, அந்த அதிகாரத்தையும்தான். தனக்குக் கீழே உறவினரையும் ஊராரையும் சில்லறைக் கங்காணிகளாக வைத்துக்கொண்டு அவன் ஊரின் ஒழுங்கைத் தோட்டத்தில் திரும்பக் கட்டினான்.

‘துன்பக்கேணி’யின் முக்கியத்துவம் இங்கேதான் விளங்குகிறது. புதுமைப்பித்தன் தேயிலைத் தோட்டத்தில் வாழ்ந்தவரல்லர். அதனால் தோட்டப் பகுதிகளில் விவரம் மெலிந்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால் மறுக்க மாட்டேன். கதைத்தலைவி மருதியின் சீரழிவை நோய்கொண்ட உடலாகக் காட்டும் இடங்களில் கதை அதிர்ச்சியை நம்பியே நகர்கிறது என்பதும் உண்மை. ஆனால் கதை திருநெல்வேலிப் பக்கத்து வாசவன்பட்டியில் தொடங்குகிறது. மருதியின் கணவன் வெள்ளையன் சிறைக்குப் போவதும், அவள் ஆதரவற்று நிற்பதும், ஊரின் அதிகாரம் அவர்களை நசுக்குவதும் முதலில் நிகழ்கின்றன. கப்பல் அதற்குப் பிறகே வருகிறது. மருதி ஏமாந்ததால் போனாள் என்பதைவிட, போகாமலிருக்க ஊரில் அவளுக்கு இடமில்லாமல் போயிற்று என்பதே கதையின் அடித்தளம். மன்னார்க் கரையில் தொடங்கும் வரலாற்று நூல்கள் எட்டாத இடத்தை 1930களின் இந்தக் கதை எட்டிவிட்டது. தோட்டத்தை அறியாத எழுத்தாளர் தோட்டத்தின் தோற்றுவாயை அறிந்திருந்தார்.

ஆகவே கங்காணியின் குற்றம் பேராசை மட்டுமில்லை. அவன் வெறும் கருவியும் இல்லை. காலனி முதலீடு தன் ஆபத்தையும் பழியையும் இறக்கிவைக்க ஓர் ஆளைத் தேடியது. சாதியால் ஏற்கெனவே அடங்கிக் கிடந்தவர்களை அதட்டும் உரிமையை வைத்திருந்தவன் அந்த இடத்தை விரும்பி ஏற்றான். அந்த உரிமையைக் கடன் பத்திரமாக மாற்றியதுதான் அவன் குற்றம்.

மறுப்புகள்

இப்படி வாசிப்பது கங்காணியைத் தப்பவிடுவதாகும் என்று ஒரு மறுப்பு எழலாம். அமைப்பைக் குற்றவாளியாக்கினால் மனிதர்கள் எல்லோரும் விடுதலையாகிவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் துண்டு முறையில் மேலதிகத் தொகையைக் கங்காணி தன் கையில் வாங்கிக்கொண்டான். தலைக்காசும் அவன் பைக்குள் போயிற்று. சில கங்காணிக் குடும்பங்கள் தோட்டங்களுக்கே சொந்தக்காரர்களாயின. மலையகத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானின் தந்தை கருப்பையா வேவண்டன் தோட்டத்தை வாங்கியது அனைவரும் அறிந்த வரலாறு. இலாபம் எந்தக் கைக்குப் போனது என்பதைக் காட்டும்போது பொறுப்பு கூடுமே ஒழியக் குறையாது. கெட்ட குணம் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும் விளக்கத்தில்தான் துரை தப்பிவிடுகிறான்.

இரண்டாவது மறுப்பு இலக்கியம் சார்ந்தது. நாவலிடம் கணக்குப் புத்தகத்தைக் கேட்பது முறையா? நாவலின் வேலை அனுபவத்தைத் தருவது, பொருளாதாரப் பாடம் நடத்துவது அன்று என்பார்கள். இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். துண்டு முறையை விளக்காததற்காக ‘தூரத்துப் பச்சை’யை யாரும் குறை கூற வேண்டியதில்லை. ஆனால் ஒரு நாவல் துன்பத்துக்குக் காரணம் சொல்ல முற்பட்ட கணத்தில், அந்தக் காரணம் போதுமானதா என்று கேட்கும் உரிமை வாசகருக்கு வந்துவிடுகிறது. கணக்கும் கடனும் தோட்டத்து வாழ்வுக்கு வெளியே இருந்த பொருளாதாரச் செய்திகள் அல்ல. மாலை நிறுவையின்போது தராசு முள்ளைப் பார்த்து நிற்கும் பெண்ணுக்கு அதைவிட நெருக்கமான அனுபவம் வேறில்லை. டேனியல் கணக்குத் தீர்க்கும் நாளை எழுதிய பக்கங்கள் நாவலின் உச்சமாக நிற்பதற்கும் அதுவே காரணம். அனுபவமும் கணக்கும் அங்கே பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. மேஸ்திரியின் நயவஞ்சகத்தை விரிக்கும் பக்கங்கள் அந்த உயரத்துக்கு வரவில்லை.

மூன்றாவதாக, ஆனைமலையையும் இலங்கையையும் ஒரே மூச்சில் பேசலாமா என்று கேட்கலாம். சட்டங்கள் வேறு, பயணம் வேறு, பின்னாளைய அரசியல் முற்றிலும் வேறு. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது போன்ற ஒரு பேரிடர் வால்பாறைத் தொழிலாளருக்கு நேரவில்லை. ‘துண்டு’ பற்றி மேலே சொன்னதை அப்படியே வால்பாறைக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் முன்பணம், ஊர்வழி ஆள்சேர்ப்பு, ஆட்களின் உழைப்பைச் சார்ந்த இடைத்தரகன் வருமானம், ஓடினால் தண்டனை என்ற நான்கும் இரு இடங்களுக்கும் பொது. ஒப்பீட்டை அந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பாடல்களின் சாட்சி

எஞ்சியிருப்பது ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’. தொழிலாளரே பாடியவை என்பதால் இவற்றையே கடைசித் தீர்ப்பாகக் கொள்ள வேண்டும் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. பாடல்களில் கங்காணி வசைக்கும் கெஞ்சலுக்கும் ஒருசேர இலக்காகிறான். பேரைச் சரியாகப் போடும்படி வேண்டப்படுபவனும், தராசில் ஏய்ப்பதாக ஏசப்படுபவனும் தோட்டத்து அதிகாரத்தின் கீழ்ப்படிகளில் நிற்பவர்களே. துரையைப் பற்றிய குறிப்புகள் தொலைவிலிருந்து வருகின்றன. இதைக் கொண்டு கங்காணியே முதல் எதிரி என்று முடிவுகட்டுவது அவசரமாகும். பாடியவர்கள் தினமும் கண்டது கங்காணியை, பேசக்கூடிய மொழியில் பேசியது அவனிடம். துரையை ஏசினால் எந்த மொழியில் ஏசுவது, எங்கே நின்று ஏசுவது? தொழிலாளரின் கண்ணுக்கு எட்டிய தூரத்தைப் பாடல்கள் துல்லியமாகப் பதிவு செய்கின்றன. அதற்கு அப்பால் இருந்த கொழும்பு வங்கியும் இலண்டன் ஏலக்கூடமும் அவற்றில் இல்லாததற்காக அவற்றைக் குறைத்து மதிப்பிடவும் வேண்டாம்.

இன்னொரு செய்தியும் கவனத்துக்குரியது. வேலுப்பிள்ளை மடகொம்பரைத் தோட்டத்தில் கங்காணிக் குடும்பத்தில் பிறந்தவர், 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குச் சென்றவர், தொழிற்சங்கத்தில் உழைத்தவர். தன் முன்னோரின் தொழிலைச் சபிக்கும் பாடல்களைத் தேடிச் சேர்த்து அச்சேற்றிய அவருடைய நேர்மை மலையக இலக்கியத்தின் பெருமைகளில் ஒன்று. அதே சமயம், கங்காணிக் குடும்பத்துப் பிள்ளையின் முன்னால் நின்று ஒரு தொழிலாளி எந்தப் பாடலைப் பாடியிருப்பார், எதை விழுங்கியிருப்பார் என்ற கேள்வியையும் தவிர்க்க முடியாது. தொகுப்பில் உள்ளதைப் போலவே இல்லாததையும் நாம் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

இந்தத் தொகுப்புக்கு ஓர் ஆய்வுப் பதிப்பு தேவை. ஒவ்வொரு பாடலுக்கும் தோட்டத்தின் பெயர், பாடியவரின் வேலை, காப்பிக் காலத்து வழக்கா தேயிலைக் காலத்து வழக்கா என்ற குறிப்பு, சட்டங்களின் காலவரிசையோடு ஒப்பீடு ஆகியவை சேர வேண்டும். பேர், அரைப்பேர், தலைக்காசு, துண்டு பற்றிய பாடல்களைத் தனியே பிரித்து, எந்தப் பாடல் 1921க்கு முந்திய கடனைப் பேசுகிறது, எது பிந்தியதைப் பேசுகிறது என்று தேட முடிந்தால், கங்காணியைப் பற்றிய தொழிலாளரின் தீர்ப்பு காலத்தோடு மாறியதா என்பதையாவது அறியலாம். நாவலாசிரியர்களும் வரலாற்றாசிரியர்களும் இதுவரை கேட்காத கேள்வி அது. அதற்கான மூலம் இந்தத் தொகுப்பில் அச்சாகியே இருக்கிறது.